பாடாலூர் அஞ்சு ரூமுக்குப் போய் வந்தது

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, பொழுது விடியும்போதே கல்லங்குறிச்சியிலிருந்து கிளம்பிவிட்டேன். பாடாலூரில் இருக்கும் எங்கள் அஞ்சு ரூமை என் நாத்தனார் தனம் விற்கப் போவதாகச் சேதி வந்திருந்தது. அன்று சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்க ஆள் வருகிறதாம். வாங்குகிறவர் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் பெட்ரோல் பங்க் வைப்பாராம். அதற்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பெட்டியில் மடித்து வைத்திருந்த சுங்கடிப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். "சண்டைக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியாம்மா?" என்றாள் என் மகள். இரண்டுக்கும் இதே புடவைதான் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அஞ்சு ரூம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யுத்த காலத்தில் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடியது. திருச்சி–மெட்ராஸ் ரோட்டில் போகிற வண்டிகள் பாடாலூரில் நின்று கரி போட்டுக்கொள்ளும். ஜனங்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்து என் மாமனார் வரிசையாக நாலு அறை கட்டினார். முன்னால் நெல்லடிக்கும் களம் போலப் பெரிய வாசல். காரில் வந்தவர் அறைக்கு நேரே காரை நிறுத்திக்கொள்ளலாம். லாரிக்காரர்களுக்கு வாசலிலேயே கயிற்றுக் கட்டில்.

ஐந்தாவது அறை என் மாமியார் கேட்டுக் கட்டியது. "ஆம்பளைக்கு ஊரெல்லாம் வேலி இருக்கு. பொம்பளை எங்க போவா?" என்று மாமனாரைக் கேட்டாராம். அதனால் அது பெண்களுக்கு மட்டும். பின்னால் குளிக்கவும் ஒதுங்கவும் மறைவு உண்டு. கிணற்றுப் பக்கம் தனிக் கதவு. ரோட்டில் இறங்கினால் ஒரு ஆண் முகத்திலும் விழிக்காமல் உள்ளே போய்விடலாம். வாடகை கிடையாது. அதன் சாவி மாமியார் இடுப்பில் இருந்தது. பிறகு என் இடுப்புக்கு வந்தது. என் வீட்டுக்காரர் காலமான பின் தனத்திடம் கொடுத்துவிட்டு மகளோடு வந்துவிட்டேன்.

அரியலூரில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். டிக்கெட் இரண்டரை ரூபாய். சிமெண்ட் லாரிகள் போன புழுதியில் ரோட்டோரத்து வேப்பமரங்கள் மாவு பூசியதுபோல் நின்றன. பேரளி தாண்டியதும் பருத்திக்காடு. பக்கத்திலிருந்த பெண் தண்ணீர் கொடுத்தாள், வேண்டாமென்றேன். அவளும் குடிக்காமல் மூடி வைத்தாள். பஸ்ஸில் போகிற பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று எந்த ஆணும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

பெரம்பலூரில் திருச்சி வண்டிக்கு மாறினேன். பாடாலூர் என்றதும் கண்டக்டர், "ஊருக்குள்ளயா ஆயா, அஞ்சு ரூமா?" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அது எங்களுதுதான் என்றேன். "அப்ப மீதிச் சில்லறைக்கு ஒரு ரூம எடுத்துக்கிறேன்" என்று போய்விட்டான். போக்கிரி.

வெயில் ஏறும் நேரத்துக்குப் பாடாலூரில் இறங்கினேன். எனக்கு அவசரம். யாரையும் பார்க்காமல் கால் தானாகக் கிணற்றுப் பக்கம் போனது. கதவைத் தள்ளக் கையை நீட்டினேன். கையில் செங்கல் பட்டது. கதவு இருந்த இடத்தில் சுவர்.

வேறு வழியில்லாமல் வாசல் வழியே போனேன். கட்டில்களில் சட்டையில்லாமல் படுத்திருந்த டிரைவர்கள் எழுந்து கைலியைச் சரிசெய்தார்கள். அவர்களைத் தாண்டினால் ஒரு மேசை. அதன் பின்னால் தனத்தின் மகன் ராசு.

"வாங்க அத்தை. நேரா எங்க போறீங்க?"

"அதை உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணுமா?" என்று அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன்.

பிறகுதான் விவரம் கேட்டேன். போன வருஷம் அவன் விடுதியைப் புதுப்பித்தானாம். ஓடு மாற்றி, வெள்ளையடித்து, எல்லாம் நன்றாகத்தான் செய்திருந்தான். திருச்சியில் பெரிய விடுதிகளுக்கெல்லாம் ஒரே வாசல், ஒரே மேசை என்று பார்த்து வந்து கிணற்றுப் பக்கத்தை அடைத்துவிட்டான். திருட்டுப் பயமும் இல்லையாம்.

சோறு போடும்போது தனம் கண் கலங்கினாள். ஒரு வருஷமாக ஒரு பெண்கூட இறங்குவதில்லை, பெண்கள் இறங்காததால் பஸ்ஸும் சாப்பாட்டுக்கு நிற்பதில்லை, சமைத்த சோறு மாட்டுக்குப் போகிறது என்றாள். "காலம் மாறிப்போச்சு அண்ணி. வித்துட்டு ஒரு வூடு கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்." எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை செய்ததைக் குறை சொன்னால் தாய்க்குப் பொறுக்காதே என்று அடக்கிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்தபோது மெட்ராஸ் போகிற பஸ் ஒன்று டயர் பஞ்சராகி எங்கள் எதிரிலேயே நின்றது. ஆண்கள் டீக்கு வந்தார்கள். பெண்கள் பஸ் நிழலை விட்டு அசையவில்லை. நானும் தனமும் போய் ஏனென்று கேட்டோம். திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிற லெப்பைக்குடிகாட்டுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு நின்றவள், பதில் சொன்னாள்.

"இங்க ரூம் இருக்குன்னு எங்க உம்மா சொல்லியிருக்காங்க. ஆனா அத்தன கட்டிலத் தாண்டிப் போயி, மேசையில இருக்கிறவர்கிட்ட என்னன்னு சொல்லி வழி கேக்கறது?"

தனம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ராசு, கடப்பாறை எங்கடா?" என்றாள்.

"எடம் வாங்குறவங்க வர்ற நேரம்மா இது."

"வரட்டும். வந்தா ரெண்டு கல்லு எடுத்துப் போடச் சொல்லு."

முதல் இடி தனம்தான் இடித்தாள். மண் வைத்துக் கட்டிய சுவர், பொலபொலவென்று வந்தது. நான் செங்கல்லை வாங்கிப் போட்டேன். சுங்கடி செம்மண்ணாகிவிட்டது. டிரைவர்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். ஆள் நுழைய வழி வந்ததும் அவர்களை அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாதென்று விரட்டினேன். கதவுக்குப் பதில் ஒரு கட்டிலை நிமிர்த்திப் போர்வை போட்டோம். குழந்தைக்காரி முதலில் போனாள். பின்னாலேயே மற்றவர்கள். டயர் மாட்டி முடித்து பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். கிணற்றடியில் முகம் கழுவிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தியும் அசையவில்லை. காத்திருந்த ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். பானை காலியாகி, தனம் மறுபடி உலை வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் வாங்குகிறவர் காரில் வந்தார். குவிந்து கிடந்த செங்கல்லைப் பார்த்து முகமெல்லாம் மலர்ச்சி. "நாம பேசி முடிக்கறதுக்குள்ள இடிக்கவே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

"இடிக்கலீங்க. தொறந்தோம்" என்றாள் தனம். காப்பி கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் காலை, கழற்றிப் பரணில் போட்டிருந்த பழைய கதவை ராசுவே மாட்டினான். மேசையைத் தள்ளி வைத்தான். சாவி மறுபடி தனத்தின் இடுப்பில் ஏறியது. வழிக்கு வைத்துக்கொள் என்று ஒரு தூக்கு நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தாள்.

பெரம்பலூரில் இறங்கியபோது நாக்கு வறண்டது. மூடியைத் திறந்தேன். பிறகு அரியலூர் வரைக்கும் உள்ள ரோட்டை நினைத்துப் பார்த்தேன். அதில் அஞ்சு ரூம் எதுவும் கிடையாது. மூடிவிட்டேன். கல்லங்குறிச்சிக்கு வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் தூக்கைக் கவிழ்த்தேன். அவ்வளவு தூரம் சுமந்தும் பாடாலூர்த் தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது.