நாரணாபுரம் வாசலில் இரண்டு துண்டுகள்

காலை ஆறு மணிக்கு விருதுநகரில் சென்னை ரயிலை விட்டு இறங்கி, சிவகாசிப் பேருந்தைப் பிடித்தேன். வழியெங்கும் கருவேலங்காடு, நடுநடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசுக் கம்பெனி அறைகள். எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஏதோ ஒரு பட்டாசு மருந்துக்குத் தடை என்று உத்தரவு வந்து மூன்று வாரம் ஆகிறதாம்.

சிவகாசியிலிருந்து நாரணாபுரத்துக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். “கம்பெனியெல்லாம் எப்பண்ணே தொறப்பாங்க?” என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

“நீங்க எந்தக் கட்சின்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கன சொல்றேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். மதியச் சாப்பாட்டில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

நான் தங்கியது செல்வி வீட்டில். சாத்தூரில் என்னோடு பள்ளியில் படித்தவள். அவளும் கணவர் பாண்டியும் ஒரே கம்பெனியில், ஒரே அறையில் வேலை. கட்சி மட்டும் வேறு வேறு; அதனால் இருவருக்கும் பேச்சு இல்லை. சுவரில் இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு காலண்டரில் சிரித்தார்கள். இரண்டும் அச்சானது சிவகாசியில், ஒரே அச்சகத்தில்.

“வாங்க, சாப்பிட்டீகளா?” என்றார் பாண்டி. அதற்குப் பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் நடந்தது.

“அவுககிட்ட சொல்லுடி, நாளைக்குக் கம்பெனி தொறக்கும். எங்க ஆளு மைக்குல சொல்லிட்டாரு,” என்றாள் செல்வி.

“தொறக்காதுன்னு சொல்லுங்க. ஒரேயடியா மூடிட்டாகன்னு எங்க தலைவரு சொல்லிட்டாரு. நாளைக்கு ஆர்ப்பாட்டம்.” சொல்லிக்கொண்டே முட்டைப் பொரியலை அவள் பக்கம் தள்ளி வைத்தார் மனிதர்.

அடுப்படியில் செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தீவாளி சீசன் போனா வருசமே போச்சுடி. அவுகளுக்கும் அதே பயந்தான். ஆளுக்கொரு மைக்க நம்பி ஒக்காந்திருக்கோம்.”

மறுநாள் காலை ஏழரை மணி. மற்றவரின் தலைவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க, கழுத்தில் கட்சித் துண்டோடு இருவருமே கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டார்கள். போர்மேன் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றார்.

“அந்த மருந்து சேர்ற சரக்கு மட்டும் செய்யக் கூடாது. மத்ததெல்லாம் செய்யலாம். நேத்துச் சாயங்காலந்தான் ஆபீசர் வந்து சொன்னாரு. வேலை இன்னைக்கே ஆரம்பம்.”

“அம்புட்டுத்தானா?” செல்வியும் பாண்டியும் ஒரே குரலில் கேட்டார்கள். இத்தனை மேடை போட்டவர்களில் ஒருவருக்குக்கூட இதைச் சொல்ல வாய் வரவில்லையே!

போர்மேன் விடவில்லை. “துண்ட வெளிய மாட்டுங்க. பாலியஸ்டர் உரசுனா பொறி வரும், உள்ள பருத்திதான். ஏலே பாண்டி, நீயும் செல்வியும் பேசுறதில்லயாமே? பேசாதவுகள ஒரே ரூம்ல விடமாட்டேன். கை தவறுனா ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும்ல?”

பாண்டி வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

“அவுககிட்ட இல்லலே, பொண்டாட்டிகிட்ட!”

வாசலே வேடிக்கை பார்த்தது. பாண்டி தொண்டையைச் செருமினார். “தூக்குச்சட்டில என்ன, புளிச்சோறா?”

“ம். முட்டையும் வச்சிருக்கேன்,” என்றாள் செல்வி. எனக்கு இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அவர்கள் உள்ளே போனார்கள். இரண்டு துண்டுகளும் ஒரே ஆணியில் தொங்கின. நான் பத்து மணிப் பேருந்தில் ஊருக்குக் கிளம்பினேன்.

சென்னையில் எங்கள் குடியிருப்பில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருவர், போன தேர்தலிலிருந்து பேசுவதில்லை. தினமும் ஒரே லிஃப்டில் ஐந்து மாடி, சுவரைப் பார்த்தபடி இறங்குகிறார்கள். அங்கே வெடிமருந்து இல்லை. அதனால் பேசச் சொல்ல ஆளும் இல்லை.