தம்பி உடுத்த சாறி

என்ர தம்பி அவுஸ்திரேலியாவில பகிடிக்காரன். கலியாணவீட்டில நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆள் இல்லை. ரீவியில வந்து பகிடி விட்டு அதிலயே வீடும் காரும் வாங்கின ஆள். இங்க கொழும்பில, வெள்ளவத்தையில ஆரும் "மகன் அங்க என்ன செய்யிறார்?" எண்டு கேட்டால் அம்மா "மீடியாவில" எண்டுவா. கேட்டவை, நியூஸ் வாசிக்கிறானாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு போவினம். மற்றவையின்ர வாயில வாற ஒவ்வொரு பிழையையும் பிடிச்சுத் திருத்துற மனிசி, அந்தப் பிழையை மட்டும் திருத்தமாட்டா.

அம்மா இங்கிலிஷ் மிஸ். காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையில, மூண்டாம் மாடியில எங்கட பிளட். முன் ஹோலிலதான் வகுப்பு. வெளிநாடு போறதுக்கு எழுதுற இங்கிலிஷ் சோதினைக்கு அம்மாவிட்டப் படிச்சால் பாஸ் எண்டது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நேர்ஸ்மார், கணக்காளர், கலியாணம் முடிச்சுப் போற பொம்பிளையள், எல்லாரும் அந்தப் பிளாஸ்ரிக் கதிரையில இருந்து வாயைத் திறந்து மூடிப் பழகினவைதான். "நீ கதைக்கிறது அங்க இருக்கிறவனுக்கு விளங்காட்டில் நீ ஊமை" எண்டுவா. பிழையாச் சொன்ன பிள்ளையை எழுப்பி நிக்க வைச்சு, அது சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுவா. வகுப்பே சிரிக்கும். அந்தப் பிள்ளை அழும். தம்பிக்கு அந்தக் கலை எங்க இருந்து வந்தது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்குள்ள எங்களுக்கும் இங்கிலிஷ்தான் சட்டம். பசிச்சாலும் இங்கிலிஷில பசிக்கவேணும், தமிழில கேட்டால் சோறு வராது. நான் ஒழுங்கைக்கு ஓடிப்போய் வாய் நிறையத் தமிழ் கதைச்சுப்போட்டு வருவன். தம்பி ஓடேல்லை. அம்மாவின்ர செல்லப்பிள்ளை, சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலயே நிண்டான். நிண்டு வடிவாப் பாத்திருக்கிறான் கள்ளன்.

மெல்பேர்ணுக்கு அவனை அனுப்பினது கணக்கியல் படிக்க. அவன் படிப்பை விட்டுப்போட்டு ஒரு தவறணையில மைக்கைப் பிடிச்சான். அங்க உள்ள பகிடிக்காரர் எல்லாம் குடிகாரருக்கு முன்னால நிண்டு பேச்சு வாங்கித்தான் தொடங்கிறவையாம். பேந்து ரீவியில கூப்பிட்டாங்கள். முதல் வேசம் ரக்ஸி றைவர். ரெண்டாவதும் ரக்ஸி றைவர். மூண்டாவது டொக்டர் எண்டு கேள்விப்பட்டு நாங்கள் சந்தோசப்பட்டால், அந்த டொக்டரும் ரக்ஸி ஓடுறவன்தான். வெள்ளைக்காரன் பகிடியைச் சொல்லுவான், இவன் பின்னால திரும்பிப் பாத்து முழிக்கவேணும். இவனோட தொடங்கின பெடியன் ஒருத்தன் சொந்தமா ஒரு நிகழ்ச்சி எடுத்தான். ஒரு பெட்டை சினிமாவுக்குப் போனாள். இவன் வருசக்கணக்கா ஸ்ரியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருந்தான்.

பிறகு ஒருநாள் சாறி உடுத்தான்.

ஒரு வாராந்த நிகழ்ச்சியில ஆரோ வராமல் விட்டிட்டினமாம், அந்த இடத்தை நிரப்ப ஆள் தேவைப்பட்டுதாம். இவன் சாறியைச் சுத்தி, பொட்டை வைச்சு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு கையை இடுப்பில குத்தி, "அம்மா" எண்டு ஒரு வேசம் போட்டான். அந்த அம்மா வெள்ளைக்காரரை வரிசையா நிக்க வைச்சு அவையின்ர இங்கிலிஷைத் திருத்துறா. அவவின்ர இங்கிலிஷோ, தகரத்தில கல்லெறிஞ்ச மாதிரி. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அண்டையோட அவன் ரக்ஸி ஓட்டுறதை விட்டான். விளம்பரத்தில அம்மா, மேடையில அம்மா, தேத்தண்ணிப் பெட்டியில அம்மா. விருது வாங்கப் போனதும் சாறியோடதான்.

எனக்கு முதல் தரம் பாக்கவே விளங்கிப்போச்சு. அவன் அம்மாவை அப்பிடியே உரிச்சு வைச்சிருந்தான். பயந்து பயந்து அம்மாவின்ர முகத்தைப் பாத்தன். அம்மா கண்ணில தண்ணி வரச் சிரிச்சுக்கொண்டிருக்கிறா.

"ஐயோ பிள்ளை, உது உன்ர மாமியெல்லோ! அச்சொட்டா மாமி!"

மாமி, அப்பாவின்ர தங்கச்சி. கொட்டாஞ்சேனையில இருக்கிறா. அவவின்ர இங்கிலிஷை வைச்சு அம்மா சீவியம் முழுக்கச் சிரிச்சவ. மாமி வீட்டுக்கு வந்தால் அம்மா வேணுமெண்டே தம்பியின்ர நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டுவா. "பாருங்கோ மச்சாள், ஆரெண்டு தெரியுதோ?" மாமி பாத்துப்போட்டு, தேத்தண்ணியை ஆறுதலாக் குடிச்சுப்போட்டு, "தெரியுது மச்சாள், வடிவாத் தெரியுது" எண்டுவா. அதுக்கும் அம்மா சிரிப்பா.

தம்பிக்குப் போன் எடுத்து ஏசினன். "பெத்த தாயை வித்துச் சாப்பிட உனக்கு வெக்கமில்லையோ?"

"அது ஒரு பாத்திரம் அக்கா. அம்மா சிரிக்கிறாதானே?"

"அவ மாமி எண்டெல்லோ சிரிக்கிறா!"

"அப்ப விடு, மாமியாவே இருக்கட்டும்" எண்டான். விசரன்.

ஆனால் அங்க சனம் மாறிப்போச்சு. சிரிச்ச ஆக்களின்ர பிள்ளையள் வளந்து, பிறத்தியார் கதைக்கிற விதத்தைப் பாத்துச் சிரிக்கிறது பிழை எண்டு சொல்லத் தொடங்கிச்சினம். நல்ல பிள்ளையள்தான், அதை நான் பிழை சொல்லமாட்டன். ஆனால் தம்பியின்ர பிழைப்பு அதோட படுத்திட்டுது. நிகழ்ச்சியை நிப்பாட்டினாங்கள். ரக்ஸி றைவர் வேசமும் இப்ப குடுக்கிறேல்லையாம், அதுவும் பிழையாம். சமையல் போட்டி ஒண்டில வந்து வெங்காயம் வெட்டினான். பிரபலமான ஆக்களைக் காட்டில விட்டுக் கண்டறியாததெல்லாம் தின்ன வைக்கிற போட்டி ஒண்டில வந்து புழுவும் திண்டான். அதைப் பாத்து அம்மா ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் போய்ப் படுத்தா.

கவிண்டு போற பகிடிக்காரனுக்கு அங்க கடைசியா ஒரு வழி இருக்கு. கமராவையும் கொண்டு தாய் தேப்பன்ர ஊருக்குப் போய்க் கண் கலங்கவேணும். தம்பியும் போன் எடுத்தான். "அம்மாவைப் படம் பிடிக்க வாறம். இது சரிவராட்டில் நான் முடிஞ்சன் அக்கா."

அம்மாவுக்குத் தலைகால் தெரியேல்லை. "அவுஸ்திரேலியா முழுக்க என்ர வகுப்பைப் பாக்கப்போகுது" எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிப்போட்டா. ஹோலுக்குப் பெயின்ற் அடிப்பிச்சா. நல்லாக் கதைக்கிற பிள்ளையளைத் தெரிஞ்செடுத்து முன்வரிசையில இருத்தினா, மற்றதுகளை வரவேண்டாம் எண்டிட்டா. தான் பேசப்போறதை எழுதி, திருத்தி, பாடமாக்கி, கண்ணாடிக்கு முன்னால நிண்டு பேசிப் பாத்தா. "பிள்ளை, எங்கயாவது தட்டுப்படுதோ?" எண்டு என்னைக் கேப்பா. எங்கயும் தட்டுப்படேல்லை. அம்மா பேசினால் ஒவ்வொரு சொல்லும் கழுவி வைச்ச கோப்பை மாதிரி இருக்கும்.

வந்தவங்களுக்கு வகுப்பு தேவைப்படேல்லை. புரொடியூசர் எண்டு ஒரு பெட்டை, சிரிச்ச முகம், அம்மாவின்ர கையைப் பிடிச்சு "அம்மா, அம்மா" எண்டு கொஞ்சிக்கொண்டு, பிள்ளையளை மெல்ல வெளியில அனுப்பிப்போட்டாள். அவளுக்குக் குசினிதான் வேணும். வடை சுடச் சொன்னாள். எங்கட வீட்டில வடை சுடுறேல்லை, காலி வீதிக் கடையில வாங்கிறது. வாங்கின வடையைத் திரும்ப எண்ணெய்க்குள்ள போட்டு எடுக்க வைச்சாள். தம்பி பக்கத்தில நிண்டு வாய் ஓயாமல் பகிடி விட்டான். அம்மா கரண்டியைக் கீழ வைச்சுப்போட்டு, "இப்ப நான் பேசலாமோ?" எண்டு கேட்டா. விட்டினம். அம்மா பேசினா. தன்ர தேப்பன் விளக்கு வெளிச்சத்தில இங்கிலிஷ் படிப்பிச்சது, தான் படிப்பிச்ச பிள்ளையள் அவுஸ்திரேலியா ஆஸ்பத்திரியளில நேர்ஸா நிக்கிறது, எல்லாம் சொன்னா. ஒரு இடத்திலயும் தடக்கேல்லை. கமராக்காரன்கூடக் கை தட்டினான். எனக்குக் கண் கலங்கிப்போச்சு, பொய் சொல்லக்கூடாது.

அங்க ரீவியில அந்த நிகழ்ச்சி போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தம்பி அனுப்பினதை எங்கட ரீவியில போட்டுப் பாத்தம். "எல்லாரையும் கூப்பிடுங்கோ" எண்டு அம்மாவின்ர கட்டளை. பிள்ளையள், தாய் தேப்பன்மார், கீழ்மாடிச் சனம், ஹோல் நிறைஞ்சுபோச்சு. மாமியும் கொட்டாஞ்சேனையில இருந்து ஓட்டோ பிடிச்சு வந்து முன் கதிரையில இருந்தா.

தொடங்கேக்கையே தம்பி காலி வீதியில சாறியோட நிக்கிறான். "இத்தனை வருசமா நீங்கள் சிரிச்ச அம்மா உண்மையில ஆரெண்டு இப்ப காட்டுறன்" எண்டான். அடுத்ததா எங்கட குசினியும் எங்கட அம்மாவும். இடுப்பில கை, மூக்கு நுனியில கண்ணாடி. திரையை ரெண்டாப் பிரிச்சு, பக்கத்தில அவன்ர பழைய வேசம், அதே கை, அதே கண்ணாடி. ஹோலில ஒரு பெட்டை களுக்கெண்டு சிரிச்சுப்போட்டு வாயைப் பொத்தினாள். அம்மா மெதுவா மாமியைத் திரும்பிப் பாத்தா. மாமி ரீவியில இருந்து கண்ணை எடுக்கேல்லை.

அதையும் அம்மா தாங்கியிருப்பா. பேச்சு வரட்டும், அப்ப பாருங்கோ எண்ட மாதிரி நிமிந்து இருந்தா. பேச்சு வந்தது. அம்மா வாயைத் திறந்த உடனே கீழ வெள்ளை எழுத்து ஓடத் தொடங்கிச்சுது. வேற பாசைப் படத்துக்குப் போடுற மாதிரி. அம்மா பேசினது இங்கிலிஷ், ஓடினதும் இங்கிலிஷ். அம்மா கதைச்சால் அங்க உள்ளவைக்கு விளங்காதெண்டு, அவ சொன்னதையே சொல்லுக்குச் சொல் எழுதிப் போட்டிருந்தாங்கள்.

மாமி தன்ர கண்ணாடியை எடுத்துப் போட்டா. போட்டுக்கொண்டு, அந்த எழுத்தை, எழுத்துக்கூட்டி, சத்தமா, கடைசிச் சொல்லு வரைக்கும் வாசிச்சா. முடிய எங்கட அம்மாவின்ர பக்கம் திரும்பினா.

"நல்ல வசதி மச்சாள். எனக்குக்கூட எல்லாம் விளங்கிச்சுது."

அம்மா எழும்பி எல்லாருக்கும் கேக் குடுத்தா. சனம் கேக்கை வாயில வைச்சுக்கொண்டு கெதியாக் கெதியாப் படி இறங்கிச்சுது.

வெள்ளவத்தையில மானம் போறதுக்குக் கப்பல் தேவையில்லை, போன் காணும். அடுத்த கிழமையே பிள்ளையள் குறையத் தொடங்கிச்சினம். ஒண்டுக்குக் காய்ச்சல், ஒண்டுக்குக் கோயில் திருவிழா, ஒண்டின்ர போன் வேலை செய்யேல்லை. கொம்பனித்தெருவில இருந்து மகனைக் கொண்டுவந்து விடுற தேப்பன் ஒருத்தர் மட்டும் படியேறி வந்து நேர சொன்னார். "மிஸ், கோவிச்சுக்க வேணாம். அங்க உள்ளவங்களுக்கு உங்கட இங்கிலிஷ் விளங்குறல்ல தானே? பின்ன எங்கட மகன்ட மட்டும் எப்பிடி விளங்கும்?" அந்த மனிசன் கெட்டவர் இல்லை. அம்மா இத்தனை வருசம் வகுப்பில சொன்னதைத்தான் அவர் அம்மாவுக்குச் சொன்னார்.

அண்டைக்கு அம்மா இங்கிலிஷ் பத்திரிகையை எடுத்து என்னை முன்னால இருத்தி ஒரு பந்தியை வாசிச்சா. "உனக்கு விளங்குதோ பிள்ளை?"

"விளங்குது அம்மா."

"பொய் சொல்லாத."

"ஐயோ, வடிவா விளங்குது அம்மா." அம்மா பத்திரிகையை மடிச்சு வைச்சா. பிளாஸ்ரிக் கதிரையள் ஒண்டுக்கு மேல ஒண்டா மூலையில அடுக்கிக் கிடந்தது.

அந்த நேரம் பாத்துத்தான் தம்பி போன் எடுத்தான். அம்மாவுக்கும் கேக்கட்டும் எண்டு சத்தமாப் போட்டன். சந்தோசத்தில கத்துறான். நிகழ்ச்சி பிச்சுக்கொண்டு போச்சாம், அம்மாவைச் சனத்துக்கு நல்லாப் பிடிச்சிட்டுதாம், ரெண்டாவது தொடருக்குக் கையெழுத்து வைச்சாச்சாம். "இந்தமுறை அம்மா முழுக்க முழுக்க என்னோட வாறா. ரிக்கற் போடட்டோ?" எல்லாம் இங்கிலிஷில.

அம்மா போனைக் கையில வாங்கினா. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளையில இருந்து அவ அவனோட தமிழ் கதைச்சு நான் கேட்டதில்லை. அண்டைக்குத் தமிழில, பச்சைப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டா.

"நீ சாறி உடுத்துக்கொண்டு என்னை மாதிரிக் கதைச்சனி. எத்தினை வருசம்?"

"அம்மா, அது..."

"அந்த மனிசிக்கு ஒருநாளாவது கீழ எழுத்துப் போட்டவங்களோ?"

அவனுக்கு அது நல்ல கேள்வியாப் பட்டிருக்கவேணும், சிரிச்சுக்கொண்டுதான் மறுமொழி சொன்னான், தெரிஞ்ச அரைத் தமிழில. "இல்லை அம்மா. அவ கதைக்கிறது எல்லாருக்கும் விளங்கும்."

"அப்ப உனக்கு அவவே போதும்" எண்டா அம்மா. போனை என்ர மடியில வைச்சுப்போட்டுக் குசினிக்குள்ள போனா. அவன் அங்கால "அக்கா, அம்மா என்ன சொன்னவ? அக்கா?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தான். நான் கட் பண்ணினன்.

ரெண்டாவது தொடர் இந்த வருசம் வந்தது. அம்மா வரமாட்டன் எண்டதுக்காகத் தொழில் நிக்குமோ? எங்கட அம்மாவுக்குப் பதிலா அங்கயே பிறந்து வளந்த ஒரு நடிகையைப் பிடிச்சு, சாறி உடுத்தி, கண்ணாடி போட்டு விட்டிருக்கிறாங்கள். தம்பி அவவின்ர மடியில தலை வைச்சுக் கண் கலங்கிறான். அவ கதைக்கேக்க கீழ எழுத்து ஒண்டும் ஓடேல்லை. நான் பாத்தன், அம்மாவுக்குச் சொல்லேல்லை. மாமி போன் எடுத்துச் சொன்னா.