சிவப்புக் கோடும் சின்ன விளக்கும்

போன வருடம் கோடையில் தல்லாகுளம் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் மாடி எடுக்கும் வேலை நடந்தது. நான் அங்கே கொத்தனார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். படித்தவர்கள் பேசினால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண் பரிசோதிக்கும் பெண் ஒருவர் எங்களிடம் வந்தார். நோய் இல்லாத நல்ல கண்கள் இரண்டும் எப்படிச் சேர்ந்து பார்க்கின்றன என்று அளக்கிறார்களாம். கண்ணாடி போடாத ஆள் யாராவது வர முடியுமா என்று கேட்டார். எங்கள் மேஸ்திரி என் முதுகில் தட்டினார்.

"இவரைக் கூட்டிட்டுப் போங்கம்மா. மட்டம் பாக்க எங்களுக்கு ரசமட்டமே இவரு கண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தாலும் உள்ளுக்குள் பெருமைதான். கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

முதலில் ஒவ்வொரு கண்ணாக மறைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரை சொன்னேன். பிறகு வளையம் வளையமான ஒரு சட்டத்தை மூக்கில் மாட்டி, வலது கண்ணுக்கு முன்னால் வரிவரியான சிவப்புக் கண்ணாடி ஒன்றைச் செருகினார். அறை விளக்கை அணைத்தார். எதிர்ச் சுவரில் பொட்டு மாதிரி ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. இரண்டு கண்ணாலும் பாருங்கள், சிவப்புக் கோடு ஒன்று தெரியும், அது விளக்கின் நடுவில் போகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லுங்கள் என்றார். வழக்கம்போல் தலையாட்டினேன்.

கோடு தெரிந்தது. விளக்கைக் காணவில்லை. சொன்னேன். அவர் சிவப்புக் கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றினார். இப்போது விளக்கு இருந்தது, கோட்டைக் காணவில்லை. இரண்டு மூன்று முறை கேட்டார். அதையேதான் சொன்னேன்.

அவர் குரல் மாறிவிட்டது. "தனித்தனியா ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது. சேர்ந்து பாக்கும்போது இடது கண்ணு விட்டுப்போற மாதிரி இருக்கே. வெளியில உக்காருங்கண்ணே, டாக்டரைக் கேட்டுட்டு வாரேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன். எதிரே இருந்த நாற்காலி இரண்டு கண்ணுக்கும் தெளிவாகத்தான் தெரிந்தது. பிறகு எந்தக் கண் விட்டுப்போகிறது? எத்தனை நாளாக? மூன்றாம் மாடிச் சாரத்தில் ஒற்றைப் பலகையில் நின்று பூசுகிறவன் நான். கால் வைக்கிற இடம் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால்? என்னைத் தேடி வந்த மேஸ்திரி விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கவில்லை. "எதுக்கும் இன்னைக்கு மேல ஏறாதீங்கண்ணே, கீழ நின்னு கலவையைப் பாருங்க" என்றார். என் தொழில் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது போல இருந்தது.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் வந்தார். விளக்கை அணைக்காமல், முகத்தைக் கவனித்துக்கொண்டே இன்னொரு முறை பார்க்கச் சொன்னாராம் டாக்டர். மறுபடி சட்டத்தை மாட்டினார். கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

"அண்ணே, எதுக்கு இடது கண்ணை மூடுறீங்க?"

"நான் எங்கேம்மா மூடுனேன்?"

"இப்பவும் மூடித்தான் இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. இருபத்தைந்து வருடமாகத் தூக்குக்குண்டு பிடித்தாலும் நூல் கட்டினாலும் ஒரு கண்ணை மூடித்தான் நேர் பார்த்திருக்கிறேன். கோடு என்று அவர் சொன்னதுமே இமை தானாக இறங்கிவிட்டது. இருட்டில், சட்டத்துக்குப் பின்னால் இருந்ததால் அவருக்கும் தெரியவில்லை. சிவப்புக் கண்ணாடி போட்ட கண்ணில் கோடுதான் தெரியுமாம், மற்றக் கண்ணில் விளக்குதானாம். இரண்டும் திறந்திருந்தால்தான் இரண்டும் தெரியும்.

இமையை விரலால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கோடும் வந்தது, விளக்கும் வந்தது. ஆனால் கோடு விளக்கைத் தொடவில்லை, நாலு விரல் தள்ளி நின்றது. எனக்குப் பகீரென்றது. ஒரு நூல் அளவு விலகினாலும் சுவரைப் பிரித்துக் கட்டுகிறவன் நான். "நடுவுலதாம்மா போகுது" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதினார்.

அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அளவைப் பொய்யாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"அதை அடிச்சிருங்கம்மா. நடுவுல போகலை. நாலு விரல் தள்ளி நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியலை."

அவர் கோபப்படவில்லை. "அது எம்புட்டு விலகுதுன்னு பாக்கத்தாண்ணே உங்களைக் கூப்பிட்டதே. நல்ல கண்ணுக்கும் கொஞ்சம் விலகும். சேர்ந்து பாக்கும்போது மூளை இழுத்து ஒண்ணாக்கிரும்" என்றார். பிறகு வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு பட்டையைக் கண்ணுக்கு முன்னால் மெல்ல நகர்த்தினார். கோடு தள்ளித் தள்ளி வந்து விளக்கின் மேல் நின்றது. "இப்ப" என்றேன். அளவை எழுதிக்கொண்டு, நல்ல கண்தான், பயமில்லாமல் மேலே ஏறுங்கள் என்று அனுப்பினார்.

சாயங்காலத்துக்குள் சாரத்தில் ஏறிவிட்டேன். விலகி நிற்பது எப்படி நல்ல கண் ஆகும் என்பது இன்றைக்கும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் படித்தவர் ஒருவர் எழுதியதை அடிக்கச் சொல்லி, எனக்குப் புரியவில்லை என்று வாய்திறந்து சொன்னது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் முதல் தடவை; அதைச் சொன்ன பிறகுதான் என் பயம் தீர்ந்தது என்பதை இப்போதெல்லாம் தலையாட்டப் போகும்போது நினைத்துக்கொள்கிறேன்.