லேபிள் உதிர்ந்த குப்பிகள்

சுகிர்தா நர்ஸ் இல்லை. விருதுநகரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். ஆனாலும் ரத்தம் எடுக்கிறவள் என்பதால் பட்டாசுக் கம்பெனிப் பெண்களுக்கு அவள் 'சிஸ்டர்'தான். திருத்தித் திருத்திச் சலித்து, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள்.

மருந்து கலக்கும் பெண்களிடம் ரத்தம் வாங்கி, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைக் குப்பியில் ஊற்றி, மைனஸ் எண்பது டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். பிற்பாடு யாருக்காவது புற்றுநோய் வந்தால், வருவதற்கு முந்தைய ரத்தத்திலேயே அறிகுறி இருந்ததா என்று பார்க்கலாம்.

குளிர் தாங்கும் லேபிள் சென்னையிலிருந்து வரத் தாமதமானபோது, "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையணுமா சார்?" என்று ஆய்வை நடத்தும் டாக்டர் மகேஷ்குமாரிடம் கேட்டவள் அவளேதான். சிவகாசியில் பிறந்தவளுக்கு அச்சுக் காகிதத்தின் மேல் அப்படி ஒரு கர்வம். சித்தப்பா மகன் பிரஸ்ஸில் அடித்த லேபிள், காலண்டர் தோற்றுப்போகும். அந்தக் குளிரைப் பசை தாங்குமா என்று யார் யோசித்தார்கள்! குப்பிக்கொரு கட்டம் போட்ட தட்டுகளும் பற்றாமல், குப்பிகளைக் கவர் கவராகப் போட்டு வைத்தாள். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் குப்பிகள் மொட்டையாகக் கிடந்தன. பெயர்களெல்லாம் உதிர்ந்து கவரின் அடியில். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

மறுபடியும் ரத்தம் எடுக்க ஊர் ஊராக அலைச்சல். உடம்பும் மனசும் ஓய்ந்துபோன ஒரு சாயங்காலம், ஏழாயிரம்பண்ணையில் கம்பெனி வேனை விட்டு இறங்கிய பெண்களைக் கும்பிட்டு நிறுத்தினாள்.

"முன்னயே எடுத்தீகளே சிஸ்டர், அம்புட்டும் என்னாச்சு?" என்றாள் சோலையம்மாள்.

"லேபிள் உதிந்துருச்சுக்கா. எது யாரோடதுன்னு தெரியல. தப்பு என்னுதுதான்."

வைதார்கள், வைதுகொண்டே கையை நீட்டினார்கள். பட்டியலில் அடுத்த பெயரை வாசித்தாள். "இருளம்மாள்."

ரோஜா என்ற இளம்பெண் முன்னால் வந்தாள். "எங்கம்மா போயி நாலு மாசமாச்சு. வயித்துல கட்டி. நோவு வாரதுக்கு முன்ன எடுத்த ரத்தம் உங்ககிட்டதான இருக்கு? அதப் பாத்தா, அப்பமே தெரிஞ்சிருக்குமான்னு சொல்லுவீகல்ல?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அத்தனையும் சேர்த்து வைத்தது. சுகிர்தாவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

"இருக்கும்மா. ஆனா எந்தக் குப்பின்னு தெரியல. பேரில்லாதத வச்சுக்கிட முடியாது. திங்கக்கெழம எல்லாத்தையும் அழிக்கணும்."

ரோஜா கோபப்படவில்லை.

"அம்மாவுக்கு ஊசின்னா அம்புட்டுப் பயம் சிஸ்டர்," என்றாள். "நீங்க கேட்டீகன்னுதான் கையை நீட்டுனா."