றொய்சன் காணாத பிறை

எட்டு வயதில் போரில் செல் குண்டின் துண்டு பட்டு இடது கண் போன என் தம்பி றொய்சன், மிச்சமிருந்த ஒரு கண்ணால் எபிரேய மொழியைப் படித்தான். எங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டியவர் ஒருவருமில்லை. அவன் மாலை வகுப்பில் நான்கு வருடமும் முதலாவதாக வந்தான். மன்னார்க் கத்தோலிக்கனான அவனை, ரொறன்ரோவின் பதினொரு கராயிற் குடும்பங்கள் தங்கள் வழிபாட்டை நடத்தக் கேட்டன. அவன் மதம் மாறியபோது அம்மா ஒன்றரை வருடம் அவனோடு கதைக்கவில்லை. இப்போது அவன் வைக்கும் பாஸ்காப் பண்டிகை விருந்துக்கு முதல் ஆளாகப் போகிறா.

கராயிற்றுகள் எழுதப்பட்ட வேதத்தை மட்டும் பின்பற்றும் யூதர்கள். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர்கள் கூடும் வீட்டைத் துப்புரவாக்கும் வேலைக்குத் தம்பி 2009இல் போனான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நெற்றி நிலத்தில் பட அவர்கள் கும்பிடுவதைக் கண்டு, "உவையள் எங்கடை ஆக்கள் மாதிரியெல்லோ அக்கா" என்று சிரித்தான். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினான். பத்து வருடம் கழித்து உறுதிமொழி எடுத்து அவர்களில் ஒருவனானான். ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு எபிரேயம் படிப்பித்தான்.

2023 பாஸ்காவோடு, சபையை நடத்திய முதியவர் ஜூலியன் கலிபோர்னியாவிலுள்ள மகளிடம் போக இருந்தார். அடுத்தவர் யார் என்பதில் சபை நிர்வாகக் குழுத் தலைவர் மாக்கஸின் சொல்லே எடுபடும்.

இந்தச் சபைக்குக் கலண்டர் கணக்கு இல்லை. பிறையைக் கண்ட இருவர் கொப்பியில் ஒப்பம் வைத்தால்தான் மாதம் பிறக்கும். முதல் மாதத்துப் பிறை கண்டு பதினாலாம் நாள் மாலை பாஸ்கா. ஏப்ரல் ஐந்தாம் திகதிக்கு விருந்து மண்டபம் கிடைக்காததால் மாக்கஸ் நாலாம் திகதிக்கு வாடகைக்கு எடுத்துவிட்டார். ஆகவே மார்ச் 21ஆம் திகதியே பிறை தெரியவேண்டும்.

அன்று மாலை நான்தான் தம்பியைக் கொண்டுபோனேன். கார் நிறுத்தும் கட்டடத்தின் மேல்தளத்தில் மாக்கஸோடு மூவரும் நின்றோம். மேற்கே மெல்லிய வெள்ளை வளைவொன்று தெரிந்தது.

"பிறை!" என்று மாக்கஸ் ஆங்கிலத்தில் கத்திவிட்டு, உடனே ஒப்பம் வைத்தார்.

"உது பிளேன் போன கோடு அக்கா" என்றான் தம்பி.

"எனக்கும் பிறையாத்தான்ரா தெரியுது."

அதற்குள் அது மேகத்தில் மறைந்துவிட்டது. நான் சபையில் இல்லாததால் என் சாட்சி செல்லாது. மாக்கஸ் பேனையைத் தம்பியிடம் நீட்டினார்.

"நான் பிறையைக் காணவில்லை" என்றான்.

"உனக்கு ஒரு கண், எனக்கு இரண்டு. பெரும்பான்மை என் பக்கம்."

"வேதம் இரண்டு சாட்சி கேட்கிறது. இரண்டு கண் கேட்கவில்லை."

மாக்கஸ் சிரிக்கவில்லை. "அடுத்த மாதம் குழு உன்னைப் பற்றி என்னிடம்தான் கேட்கும்" என்றார். தம்பி பேனையைத் திருப்பிக் கொடுத்தான்.

திரும்பி வரும்போது காருக்குள் நான் ஏசினேன். "ஒரு கையெழுத்துத்தானே? பதினாலு வருஷப் பாடு போகப்போகுது!"

"காணாததைக் கண்டன் எண்டு எழுதிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளுக்கு என்னத்தையக்கா படிப்பிக்கிறது?"



மறுநாளும் போனோம். மாக்கஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 7:51க்குத் தம்பி ஒரு புகைக்கூண்டின் வலப்பக்கம் விரலை நீட்டினான். மாக்கஸ் ஒரு நிமிடம் தேடினார். பிறகு அவருக்கும் தெரிந்தது. அது கலையவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, மெல்லக் கீழே இறங்கியது. எனக்கு முதல்நாள் சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது.

மாக்கஸ் தன் முதல்நாள் ஒப்பத்தைத் தானே வெட்டினார். "முதலில் நீ போடு" என்று பேனையைக் கொடுத்தார்.

பாஸ்கா விருந்து ஐந்தாம் திகதி வெக்ஸ்போர்ட் வீட்டு பேஸ்மென்ற்றில், முழங்காலோடு முழங்கால் இடிக்க நடந்தது. மே மாதம் சபையை நடத்தும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுக்கும் கடிதத்தை வாசித்தவரும் மாக்கஸ்தான்.

அந்தக் கொப்பியில் றொய்சன் எபிரேய எழுத்தில் முதன்முதலாகத் தன் பெயரை ஒப்பமிட்டது 2023 மார்ச் 22, புதன்கிழமை.