தட்டு ஏந்தியவளின் முகம்

பொம்மைக்கு முகம் எடுக்க மூன்று படங்கள் போதும். நேராக ஒன்று, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் இருபத்தெட்டு வருடமாகப் பீங்கான் பொம்மை செய்கிறேன். தலைவர்கள், சாமியார்கள், அறுபதாம் கல்யாண ஜோடிகள், எல்லோருக்கும் மூன்று படம் கிடைத்தது. பதினேழு சினிமாவில் நடித்த ஒரு பெண்ணுக்குத்தான் கிடைக்கவில்லை.

ஆர்டர் புதுச்சேரி ஏற்றுமதிக்காரர் ஒருவர் மூலம் வந்தது. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பெண், கறுப்பு வெள்ளைக் காலத்து ஹாலிவுட்டில் நடித்தவர், இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவருடைய படங்களை அவர் வாழ்ந்த ஊரில் வரிசையாகத் திரையிடப் போகிறார்கள். வரும் விருந்தினர்களுக்குக் கொடுக்க ஒரு சாண் உயரத்தில் நாற்பது பொம்மை வேண்டும். முன்னின்று நடத்துபவர் நடிகையின் ஒரே மகள், எழுபதைத் தாண்டியவர். அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறதாம். அவர்கள் வைத்த கொலுவில் எங்கள் ஊர்ப் பொம்மையைப் பார்த்திருக்கிறார். இல்லாவிட்டால் அவருக்கும் விருத்தாசலத்துக்கும் என்ன சம்பந்தம்?

முதல் வீடியோ காலில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உடை, தலை அலங்காரம் எல்லாம் முன்னே பின்னே இருக்கலாம், முகம் அம்மாவாக இருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் "இது அம்மா" என்று தனக்குத் தோன்ற வேண்டும். வீட்டில் உள்ள போட்டோ அனுப்புங்கள் என்றேன். போட்டோ இல்லை என்றார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இருந்த ஜப்பானியர்களை எல்லாம் முகாமில் அடைத்தார்கள், கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆல்பத்தை ஒரு அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது அண்டை வீட்டாரும் இல்லை, ஆல்பமும் இல்லை. அதன் பிறகு அம்மா வீட்டில் கேமராவையே அண்டவிடவில்லை. சம்பளம் கொடுக்காதவனுக்கு எதற்குச் சிரிக்க வேண்டும் என்பாராம். அந்த அம்மாளை எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

ஆகவே மகள் அனுப்பிய சினிமாப் படங்களைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பிளாஸ்டர் மூட்டைகளுக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்து, பதினேழையும் பார்த்தேன். பார்த்தேன் என்றால் கதையை அல்ல. ஒரு மூக்கையும் ஒரு தாடையையும் தேடிப் பார்த்தேன். காதல் காட்சிகளைத் தள்ளிவிட்டு, கதவு திறக்கும் காட்சிகளில் நிறுத்தினேன். ஏனென்றால் கதவு திறந்தால்தான் இவர் வருவார்.

முதல் படத்தில் சந்தைக் கூட்டத்தில் ஒருத்தி. அடுத்த ஐந்தில் வேலைக்காரி. தேநீர்த் தட்டு, பூத்தட்டு, கடிதம் வைத்த தட்டு. ஒன்றில் ஒற்றர் வேலை பார்ப்பவள். அதிலும் விஷக் கோப்பையைத் தட்டில் வைத்துத்தான் கொண்டு வந்தார். எங்களிடம் கண் எழுதும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருபவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா இது, எப்பப் பாத்தாலும் இந்தப் பொண்ணு தட்டத் தூக்கிக்கினே வருது? ஒரு தபா ஒக்கார வுட மாட்டானுங்களா?"

உட்கார விடவில்லைதான். போர் வருடங்களில் படமே இல்லை. குதிரை லாயத்தைக் கழுவி அதில் குடும்பங்களைக் குடிவைத்தார்களாம், அங்கே இவர் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வெளியே வந்த பிறகு ஜப்பானியப் பெயர் போஸ்டரில் இருந்தால் கூட்டம் வராது என்று சீனப் பெயர் ஒன்றைச் சூட்டினார்கள். அந்தப் பெயரில் சீன மருத்துவச்சி, தீவுக்காரி, பிறகு மறுபடி வேலைக்காரி. ஒரு படத்தில் கதாநாயகியே ஜப்பானியப் பெண். ஆஹா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வேஷத்தைக் கண்ணோரத்தில் மை இழுத்துவிட்ட ஒரு வெள்ளைக்கார நடிகைக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த நடிகைக்கு நடக்கவும் விசிறி பிடிக்கவும் கற்றுக்கொடுத்தது இவர். படத்தில் அவருக்குத் தோழியாக வந்து தட்டு ஏந்தியதும் இவர்தான். எனக்கு எரிச்சல் வந்தது, ஆச்சரியம் வரவில்லை. கறுத்த பெண்ணின் கதைக்குச் சிவத்த பெண்ணை விமானத்தில் வரவழைத்து முகத்தில் கரி பூசும் ஊர்தானே நம்முடையதும். வீட்டுக்கு வீடு வாசப்படி.

ஒரே ஒரு படத்தில் ஆள் மாதிரி ஒரு வேஷம் கிடைத்தது. அமெரிக்கச் சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு வந்து, மாமியார் வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் அல்லாடும் பெண். அதில் அவர் முகம் திரை முழுக்க வருகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அழுகிறார், தலை கவிழ்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு டெலிவிஷனில் கொஞ்ச நாள், பிறகு துணிக்கடையில் விற்பனை வேலை. சினிமாவைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லையாம்.

பதினேழு படங்களிலும் அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இது எனக்குத் தொழில் சங்கடம். மூக்கை ஒரு கதவருகிலிருந்து எடுத்தேன், தாடையை ஒரு விளக்கு வெளிச்சத்திலிருந்து, நெற்றியை அந்த அழுகையிலிருந்து. களிமண்ணில் மாதிரி செய்து, சூளையில் சுருங்குவதற்குக் கணக்காகக் கொஞ்சம் பெரிதாக வைத்து, அச்சு எடுத்தேன். கண் இருக்கும் இடத்தை எப்போதும்போல வழவழப்பாக விட்டேன். எங்கள் பொம்மைகளில் கண்ணைத் தூரிகைதான் தீர்மானிக்கும்.

சாம்பிள் ஒன்று அனுப்பினோம், கண் இல்லாமல். இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒன்றாகச் சூளைக்குப் போகும் பொம்மைகளுக்கு, ஒரே நாளில், ஒரே கையால்தான் கண் திறக்க வேண்டும் என்பது எங்கள் அக்காவின் சட்டம். ஒன்றுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றதைக் குருடாகப் போட்டுவைத்தால் அந்த ஈடு விளங்காது. நான் செராமிக் படிப்புப் படித்தவள். ஆனாலும் இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட அவர் சட்டத்தை மீறிப் பார்த்ததில்லை. சாம்பிள் போய்ச் சேர்ந்ததும், வீடியோ காலில் மகள் அந்த வெள்ளை முகத்தைக் கையில் பிடித்து விரலால் தடவினார். மூக்கு சரி, தாடை சரி என்றார்.

"பார்த்தால் அம்மா என்று தோன்றுகிறதா?"

"இன்னும் இல்லை," என்றார்.

கண் எழுதும் நாள் வந்தபோது சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டுக் கல்யாணம். 'பார்வை கீழே இருக்க வேண்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அழும் படத்தையும் சேர்த்து மேசைமேல் ஒட்டிவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்து வந்தால், வண்ணச் சூளை போட்டு இறக்கியும் ஆகிவிட்டது. அந்தச் சூளையில் வெந்த வண்ணத்தைச் சுரண்ட முடியாது. பலகைமேல் நாற்பது பேர். நாற்பது பேரும் என்னை நேருக்கு நேராகப் பார்த்தார்கள்.

"கீழ பாக்கணும்னு எழுதி ஒட்டிட்டுப் போனனேக்கா!"

"படிச்சேம்மா. அப்படித்தான் போட ஒக்காந்தேன், கை வரல. வாங்கிக்கினு போறவங்க மூஞ்சியப் பாக்காத பொம்மைய எந்த வூட்ல வெப்பாங்க?"

"இது கொலு பொம்மை இல்லக்கா."

"பொம்மைன்னா பாக்கணும். அந்தப் பொண்ணு அத்தினி படத்துலயும் தரையப் பாத்தது போதாதா?"

எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் வயசு தெரியாது, ஆள் தெரியாது. எல்லோர் முன்னாலும், படிக்காதவரிடம் வேலையை ஒப்படைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் தூரிகையைக் கழுவித் துடைத்து வைத்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றார், மரியாதையாக. மறுநாள் வரவில்லை. பத்து நாள் கழித்து நான்தான் ஸ்ரீமுஷ்ணம் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திரும்பச் செய்ய நாள் இல்லை. தப்பை மறைத்துப் பெட்டியில் கட்டி அனுப்ப மனம் வரவில்லை. அந்தச் சண்டைக்கு மறுநாள் காலையில் யூனிட்டைத் திறந்ததும் நடிகையின் மகளை வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். நடந்ததைச் சொன்னேன், எங்கள் தவறுதான், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றேன். முதலில் காட்டுங்கள் என்றார். ஒரு பொம்மையை எடுத்துப் போனுக்கு முன்னால் நிறுத்தினேன்.

அவர் கை மெதுவாக மேலே போய், திறந்திருந்த சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது. அது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். இன்னும் கிட்டே கொண்டு வாருங்கள் என்றார். கொண்டு போனேன்.

"இந்தப் பார்வையை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்?"

"எதிலும் இல்லை. எங்கள் ஆள் தானாகப் போட்டது."

"ஆமாம், எதிலும் கிடையாது," என்றார். பிறகு சொன்னார். அவருக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளித் தோழி வீட்டில் ஐந்தாறு பெண் பிள்ளைகளோடு டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பழைய படம். ஒரு கதவு திறந்தது, தட்டோடு அம்மா வந்தார், குனிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். இது உன் அம்மாதானே என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, இந்த ஜப்பான்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்று இவர் சொன்னார்.

அந்த வீட்டுக்காரி அதை ஒரு வேடிக்கையாக அம்மாவிடமே சொல்லிவிட்டாள். அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். திட்டவில்லை, கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். பிறகு சமைக்கப் போனார். சாகும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"அன்றைக்கு இப்படித்தான் பார்த்தார்," என்றார்.

ஆறுதல் சொல்லும் அளவுக்கு என் இங்கிலீஷ் போதாது. பொம்மையைப் பிடித்திருந்த கை வலித்தது, கீழே இறக்கவும் தோன்றவில்லை. கடைசியில் வாடிக்கையாளரிடம் கேட்பதைத்தான் கேட்டேன்.

"மேடம், இது உங்கள் அம்மாதானே?"

"ஆமாம்," என்றார். அது பத்தவில்லை போலிருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல உரக்கச் சொன்னார்.

"ஆமாம். அது என் அம்மாதான்."