ராவ் அம்மையார்

நீல உறையொன்றை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "இதைத் தொட்டாயா?" என்று ஷெஃப் கேட்டது சென்ற வருடம். சுவிஸில், பாசல் நகரத்துச் சலவைக்கூடமொன்றில் இருபது வருடம் என் மேலாளராக இருந்தவர் அவர். இங்கே மேலாளரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சந்தேகம் அவருக்குக் கூடப்பிறந்தது. துவாய் ஒன்று குறைந்தாலும் என் பையைத் திறந்து பார்ப்பார். என்ன மனிதரப்பா! ஆனாலும் வயது போய், பிள்ளை குட்டி இல்லாமல் அவர் தனித்த பிறகு, சனிக்கிழமைகளில் நான்தான் மரக்கறி வாங்கிக் கொடுத்துவந்தேன்.

உறைக்குள் இருந்தவை அவருடைய தகப்பன் தாய்க்குப் பிரெஞ்சில் எழுதிய கடிதங்கள். தகப்பன் யூதர், இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, சிறைமுகாமிலேயே இறந்தவர். கைக்குழந்தையோடு எல்லை தாண்டிப் பாசலுக்கு வந்த தாய், பயத்தில் மகனுக்கு எபிரேய எழுத்தொன்றுகூடக் கற்பிக்கவில்லை. அவள் இறந்த பிறகுதான் கடிதங்கள் அகப்பட்டன. எல்லாவற்றிலும் ஒரு பெண். "ராவ் அம்மையார் தினமும் வருகிறாள். இரவிலும் என்னோடுதான்." அப்பனுக்கு வைப்பாட்டி என்று ஷெஃப் முடிவுகட்டிவிட்டார். தாய் கேட்டபடி அவள் கல்லறைக்கல்லில் தகப்பன் பெயருக்கு விட்ட இடம் வெறுமையாகவே கிடந்தது. "அந்தப் பெயர் அங்கே வராது," என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை.

"எந்த விசரனப்பா, தான் வைச்சிருக்கிறவளைப் பற்றி மனிசிக்கே கடிதம் போடுவான்? அது ஆளில்லை. எங்கட மழை மாதிரி ஏதோ."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து "இஞ்ச ஒரே மழை" என்று எழுதுவாள். கடிதங்களை யார் யாரோ உடைத்துப் பார்த்த காலம். மழை என்றால் ஷெல்லடி. அது விளங்காத நான், சித்திரையில் என்ன மழை, இவள் எதையோ மறைக்கிறாள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு மனம் இளகி இரண்டு குடை வாங்கி அனுப்பினேன். "குடை கிடைச்சது. இந்த மழைக்குத் தாங்காது" என்று பதில் வந்தது. இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அடுத்த சனிக்கிழமை ஷெஃபிடம் இதைச் சொன்னேன். "என் வீட்டுக் கதையை யார் யாரிடம் சொன்னாய்?" என்று சீறினார். ஆனாலும் எபிரேயம் படித்த ஒருவரிடம் கேட்காமலிருக்க அவரால் முடியவில்லை. இரண்டு நாளில் தொலைபேசி எடுத்தார். ராவ் என்றால் பசியாம்.

ஓடிப்போனேன். கடைசிக் கடிதம் மேசையில் விரிந்து கிடந்தது. ஜெர்மனில் வாசித்துச் சொன்னார்: "ராவ் அம்மையார் என்னை விடுகிறதாயில்லை. நம் சின்னவனிடம் மட்டும் அவளை அண்டவிடாதே."

இதை வாசித்துத்தான் இத்தனை வருடம் தகப்பனை வெறுத்திருக்கிறார், பாவி மனிதர். கல்லில் பெயர் வெட்டுகிறவரின் இலக்கத்தைத் தேடித் தரச் சொன்னார். நான் தேடும்போதே அழத் தொடங்கிவிட்டார்.

"அம்மாவுக்கு எபிரேயம் தெரியும்," என்றார். "போதும் போதும் என்று நான் கத்தினாலும் தட்டில் போட்டுக்கொண்டேயிருப்பாள். எனக்கு ஒருநாளும் பசித்ததேயில்லை."